கேக்கும் டெசர்ட்டும்: ஆங்கிலப் பேச்சுத் தேர்வு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வு ஐஇஎல்டிஎஸ். அதன் பேச்சுப் பகுதியில் கேக், டெசர்ட் (உணவின் இறுதியில் உண்ணும் இனிப்பு) பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் தடுமாறிப்போனதாக எழுதிய வாசகர்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். மேற்கோளுக்குள் வரும் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அவற்றைக் கண்ணால் படிப்பதோடு நிறுத்தாமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டுகிறேன்.

கேள்வி: தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், கல்வி என்று பெரிய தலைப்புகளுக்கெல்லாம் ஆயத்தமாகப் போனேன். தேர்வாளர் “டூ யூ லைக் கேக்ஸ்?” என்று கேட்டார். “யெஸ், ஐ லைக் கேக்ஸ்” என்று சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவனிடம் இவ்வளவு சாதாரணமான கேள்வியை ஏன் கேட்கிறார்கள்?

பதில்: சாதாரணமான கேள்வி என்பதால்தான் கேட்கிறார்கள். பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடங்கள் நடக்கிறது. அதன் மூன்று பகுதிகளில் முதலாவது 4 முதல் 5 நிமிடங்களுக்கு வீடு, படிப்பு, வேலை, உணவு, பொழுதுபோக்கு போன்ற அன்றாடச் செய்திகளைச் சுற்றியே அமைகிறது. எந்த நாட்டிலிருந்து வந்தவரானாலும், எந்தத் துறையில் படித்தவரானாலும், சொல்வதற்கு ஏதாவது இருக்கக்கூடிய தலைப்பாக அது இருக்க வேண்டும். கேக்கைப் பற்றிப் பேச யாருக்கும் சிறப்பறிவு தேவைப்படாது. ஆகவே, பேச்சு நின்றுபோனால் அதற்குக் காரணம் பொருள் தெரியாமை அன்று, மொழியில் பழக்கமின்மையே என்று தேர்வாளரால் பிரித்தறிய முடிகிறது.

உங்களுக்கு எந்தக் கேக் பிடிக்கும் என்பது மதிப்பெண்ணில் சேர்வதில்லை. தங்குதடையின்றிக் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கண வகைமையும் பிழையின்மையும், உச்சரிப்பு ஆகிய நான்கும் சம எடையோடு மதிப்பிடப்படுகின்றன. “யெஸ், ஐ லைக் கேக்ஸ்” என்ற வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்த நான்கில் எதையும் அளந்து பார்ப்பதற்கு அதில் இடமும் இல்லை. இதையே ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “யெஸ், பட் ஒன்லி தி ப்ளெய்ன் ஒன்ஸ். ஐ ஃபைண்ட் க்ரீம் கேக்ஸ் எ பிட் ஹெவி, ஸோ இஃப் தேர்ஸ் எ சாய்ஸ், ஐ ஆல்வேஸ் கோ ஃபார் எ ஸ்லைஸ் ஆஃப் ஸ்பஞ்ச் கேக்.” இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால், ‘ஆம்’ என்று சொன்ன கையோடு அதற்கு ஓர் எல்லை வகுத்தாயிற்று, காரணம் வந்தாயிற்று, ‘இஃப்’ வைத்து ஒரு நிபந்தனை வாக்கியம் இயல்பாக விழுந்தாயிற்று, தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும் ‘கோ ஃபார்’ என்ற பேச்சுவழக்குத் தொடரும் இடம்பெற்றாயிற்று. முதல் பகுதிக்கு இந்த அளவு, அதாவது இரண்டு முதல் நான்கு வாக்கியங்கள், போதுமானது. ஒரு கேள்விக்கே ஒரு நிமிடம் பேச வேண்டும் என்று எண்ணி நீட்ட வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு இனிப்பு அறவே பிடிக்காது. பிடிக்காது என்று உண்மையைச் சொன்னால் மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று அஞ்சி, பிடிக்கும் என்று பொய் சொல்லத் தீர்மானித்திருக்கிறேன். சரிதானா?

பதில்: வேண்டாம். கருத்துக்கு மதிப்பெண் கிடையாது. பிடிக்கும் என்பவருக்கும் பிடிக்காது என்பவருக்கும் அளவுகோல் ஒன்றுதான். பொய் சொல்வதில் இருக்கும் இடர்ப்பாடு வேறு. இல்லாத ஒரு கேக்கை மனத்தில் உருவாக்கிக்கொண்டே அதற்கு ஆங்கிலத்தையும் தேட வேண்டியிருப்பதால், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் உங்கள் தலைமேல் ஏறுகின்றன. உண்மையைச் சொல்லும்போது காட்சி ஏற்கெனவே மனத்தில் இருக்கிறது; சொல்லை மட்டும் தேடினால் போதும்.

மேலும், பிடிக்காமையை விளக்குவது பிடித்ததைச் சொல்வதைவிட வளமான இலக்கணத்துக்கு வழிவிடுகிறது என்பது என் அனுபவம். “நாட் ரியலி. ஐ யூஸ்ட் டு லவ் ஸ்வீட் திங்ஸ் அஸ் எ சைல்ட், பட் ஐவ் கான் ஆஃப் தெம் ஓவர் தி இயர்ஸ்” என்று சொல்லிப் பாருங்கள். முன்பு இருந்து இப்போது இல்லாத பழக்கத்தை ‘யூஸ்ட் டு’ சொல்கிறது. அன்று தொடங்கி இன்றுவரை வந்த மாற்றத்தை ‘ஐவ் கான்’ சொல்கிறது. ஒன்றின்மேல் இருந்த விருப்பம் விட்டுப்போவதற்கு ‘கோ ஆஃப்’ என்பது மிக இயல்பான வழக்கு. இனிப்பில் நாட்டமில்லை என்பதை “ஐ டோன்ட் ரியலி ஹேவ் எ ஸ்வீட் டூத்” என்றும் சொல்லலாம். அங்கே ‘டூத்’ என்று ஒருமையில்தான் வர வேண்டும், ‘டீத்’ என்று பன்மையில் வரக் கூடாது. ‘ஹேவ்’ என்பதை ‘ஹேவிங்’ ஆக்கவும் கூடாது. “ஐ யம் ஹேவிங் ஸ்வீட் டீத்” என்று சொல்லக் கேட்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பயிற்சி வகுப்பில் கேக் தலைப்புக்கு எட்டு வரிகளில் ஓர் அருமையான பதிலை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். கேள்வி எப்படி வந்தாலும் அதைச் சொல்லிவிடலாம் என்கிறார்கள். இது பயன்படுமா?

பதில்: பயன்படாது என்பதோடு கெடுதலும் செய்யும். இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உழைக்கத் தயங்காத பிள்ளைகள்தாம் இந்தக் குழியில் விழுகிறார்கள்.

நான் நடத்திய மாதிரித் தேர்வு ஒன்றில் ஒரு மாணவியிடம், “ஹேவ் யூ எவர் மேட் எ கேக்?” என்று கேட்டேன். நீங்கள் எப்போதாவது கேக் செய்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “கேக்ஸ் ப்ளே எ வைட்டல் ரோல் இன் ஹ்யூமன் செலிப்ரேஷன்ஸ்” என்று தொடங்கி, மூச்சு விடாமல் ஆறு வாக்கியங்களைச் சொல்லி முடித்தார். சொற்கள் ஒவ்வொன்றும் கனமானவை, ஒன்றிலும் பிழையில்லை. ஆனால் நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. “ஸோ, ஹேவ் யூ மேட் ஒன்?” என்று மீண்டும் கேட்டேன். அவர் முகம் மாறியது. சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “ஒன்ஸ்... வித் மை சிஸ்டர்... வீ ஃபர்காட் தி ஷுகர்” என்றார். சர்க்கரை போட மறந்துவிட்டார்களாம். சொல்லும்போதே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு அடுத்தடுத்து நான்கு வாக்கியங்கள் வந்தன. ஓரிடத்தில் காலம் பிசகியது, ஓரிடத்தில் ‘தி’ விடுபட்டது. இருந்தாலும் அன்று அவர் உண்மையில் ஆங்கிலம் பேசியது அந்த நான்கு வாக்கியங்களில்தான். அதற்கு முன் வந்த ஆறும் ஒப்பித்தல்.

தேர்வாளர்கள் நாள்தோறும் பலருடைய பேச்சைக் கேட்பவர்கள். ஒப்பிப்பவரின் குரல் ஏற்ற இறக்கமின்றித் தட்டையாகிவிடுவதும், பார்வை எங்கோ நிலைகுத்துவதும், அடுத்த கேள்விக்கு வாக்கியங்கள் திடீரென்று சுருங்கிவிடுவதும் அவர்களுக்கு உடனே புலப்பட்டுவிடும். இந்தத் தேர்வின் மதிப்பெண் விளக்க அட்டவணையில், மனப்பாடத் தொடர்களைச் சார்ந்திருப்பது கீழ்நிலைப் படிகளுக்கு உரிய அடையாளமாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. சொற்களைப் படியுங்கள், சொற்றொடர்களையும் படியுங்கள். அவற்றை வெவ்வேறு வாக்கியங்களில் புழங்குங்கள். முழுப் பதிலைப் படித்து வைத்துக்கொள்ளாதீர்கள். எட்டு வரிகளை மனப்பாடம் செய்ய எடுத்துக்கொள்ளும் நேரத்தில், நீங்கள் தின்ற, செய்த, கெடுத்த மூன்று இனிப்புகளைப் பற்றி மூன்று முறை உரக்கப் பேசிவிடலாம்.

கேள்வி: ‘டெசர்ட்’ என்று நான் சொன்னதைத் தேர்வாளர் பாலைவனம் என்று எடுத்துக்கொண்டிருப்பாரோ என்று வீடு திரும்பும் வழியெல்லாம் கவலைப்பட்டேன். இரண்டுக்கும் உச்சரிப்பில் என்ன வேறுபாடு?

பதில்: எந்த அசையை அழுத்துகிறோம் என்பதில்தான் முதன்மையான வேறுபாடு இருக்கிறது. பாலைவனத்தைக் குறிக்கும் சொல்லில் முதல் அசை அழுத்தம் பெறும்: டெஸட். உணவின் இறுதியில் வரும் இனிப்பைக் குறிக்கும் சொல்லில் இரண்டாம் அசை அழுத்தம் பெற்று நீளும். முதல் அசை ‘டி’ என்று மெலிந்துவிடும்: டிஸெர்ட். கேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது எந்தத் தேர்வாளரும் பாலைவனத்தை நினைக்க மாட்டார் என்பதால் பொருட்குழப்பம் நேர்ந்திருக்காது. ஆயினும் சொல்லழுத்தம் உச்சரிப்பு மதிப்பீட்டில் அடங்குவது என்பதால் திருத்திக்கொள்வது நல்லது.

இரண்டு சொற்களிலும் நடுவில் வருவது நம் ‘ஸ’ அன்று. குரல்வளைமேல் ஒரு விரலை வைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள், அதிர்வு இராது. நாக்கை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் சேர்த்தால் வண்டு ரீங்கரிப்பதைப் போன்ற ஓர் ஒலி கிளம்பி விரல் அதிரும். அந்த ஒலியே ‘டிஸெர்ட்’ என்பதன் நடுவில் வர வேண்டும். தமிழில் அதற்கு எழுத்தில்லாததால் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘கேக்’ என்ற எளிய சொல்லில் இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பது நம் இலக்கண நூல்கள் சொல்லும் விதி. பாக்கு, நாக்கு, மூக்கு என்று குற்றியலுகரத்தில் முடித்தே பழகிய நாக்கு ‘கேக்’ என்பதையும் ‘கேக்கு’ என்றே முடித்துவைக்கிறது; ‘ஐ லைக்கு கேக்கு’ என்று ஓர் உகரம் ஒவ்வொரு சொல்லுக்கும் வால் பிடித்து வந்துவிடுகிறது. இதை நீக்க ஒரு பயிற்சி உண்டு. ‘கேக்’ என்று சொல்லி, கடைசி ‘க்’கில் நாக்கின் பின்பகுதி மேலே ஒட்டியவுடன் ஒரு நொடி அப்படியே நிறுத்துங்கள். குரலை அங்கேயே அடக்கிவிட்டுப் பிறகு நாக்கை மெல்ல எடுத்தால் உகரம் பிறக்காது. உயிரொலியையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அது நம் நெடில் ‘ஏ’ அன்று. ‘கெய்க்’ என்று ‘எ’யில் தொடங்கி ‘இ’யை நோக்கி வழுக்கிச் செல்லும் ஒலி.

இனிப்புத் தலைப்பில் அடிக்கடி பிழையாகும் வேறு சில சொற்களையும் சொல்லிவிடுகிறேன். கேக் வேகும் அடுப்பை ‘ஓவன்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய நம் ‘அவன்’ போலவே ஒலிக்கும், இதை மறக்கவே முடியாது. பாதாமைக் குறிக்கும் சொல்லில் ‘ல்’ ஒலியை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே பலர் விட்டுவிட்டு ‘ஆமண்ட்’ என்பார்கள், அது பிழையன்று. ‘சாக்லேட்’ என்பதில் கடைசி அசை நீளாது, ‘சாக்லட்’ என்று குறுகும். பிசைந்த மாவு ‘டோ’. அதில் ‘ஃப்’ ஒலி கிடையாது. செய்முறையைக் குறிக்கும் ‘ரெஸிபி’க்கு மூன்று அசைகள். தமிழர் என்று தெரியும்படி பேசுவதால் மதிப்பெண் குறையாது. கேட்பவர் சிரமமின்றிப் புரிந்துகொள்ள முடிகிறதா என்பதே அளவுகோல். வெள்ளைக்காரரைப் போல ஒலிக்க வேண்டும் என்று குரலை மாற்றிக்கொண்டு பேசுபவர்கள் பெரும்பாலும் தெளிவை இழந்துவிடுகிறார்கள்.

கேள்வி: “ஐ ஏட் எ கேக்” என்று சொன்னதற்கு என் தோழி சிரித்தாள். பிழை எங்கே?

பதில்: இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ஒரு முழு கேக்கையும் நீங்கள் ஒருவரே தின்று தீர்த்துவிட்டதாக அது பொருள் தந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கேக் எண்ணக்கூடிய பெயராகவும் எண்ண முடியாத பெயராகவும் வரும். முழு உருப்படியைச் சொல்லும்போது ‘எ கேக்’. அதிலிருந்து வெட்டி எடுத்ததைச் சொல்லும்போது ‘சம் கேக்’, ‘எ பீஸ் ஆஃப் கேக்’, ‘எ ஸ்லைஸ் ஆஃப் கேக்’. ஆகையால் “ஐ பேக்ட் எ கேக் அண்ட் ஹேட் சம் வித் மை ஃப்ரெண்ட்ஸ்” என்பது சரியான அமைப்பு. கேக்கைச் சமைத்தேன் என்ற பொருளில் ‘குக்’ என்னும் வினையைப் போடாதீர்கள். ‘மேக்’ அல்லது ‘பேக்’ என்பதே வழக்கு.

இதனோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா இனிப்புக்கும் ‘ஸ்வீட்ஸ்’ என்று சொல்வது நம் பழக்கம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஸ்வீட்ஸ்’ என்ற பன்மை மிட்டாய் வகைகளையே முதலில் நினைவூட்டும். உணவுக்குப் பின் பரிமாறப்படுவது ‘டிஸெர்ட்’. மேசையைத் துடைத்து எடுத்துவைப்பதைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல் அது. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த பிறகு வருவது என்று அதன் பிறப்பை நினைவில் வைத்துக்கொண்டால், காலையில் தின்ற பிஸ்கட்டை டிஸெர்ட் என்று சொல்லிவிட மாட்டீர்கள். பிரிட்டனில் டிஸெர்ட்டையே பொதுவாகப் ‘புட்டிங்’ என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் புட்டிங் என்றால் பால் சேர்த்துக் கெட்டியாக்கிய குழைவான ஓர் இனிப்பு மட்டுமே. கேக்கின்மேல் பூசுவதை ஒரு பக்கத்தார் பெரும்பாலும் ‘ஐஸிங்’ என்றும் மறுபக்கத்தார் ‘ஃப்ராஸ்டிங்’ என்றும் சொல்கிறார்கள். தேர்வில் இரண்டு வழக்குகளும் ஏற்கப்படும்.

கேள்வி: ‘டேஸ்ட்டி’, ‘ஸ்வீட்’, ‘வெரி நைஸ்’ ஆகிய மூன்றைத் தவிர வேறு சொல் எனக்கு வாயில் வருவதில்லை. உயர்ந்த சொற்கள் சிலவற்றைச் சொல்லித்தர இயலுமா?

பதில்: உயர்ந்த சொற்கள் வேண்டாம், பொருத்தமான சொற்கள் போதும். சுவையை மட்டுமே சொல்ல முயல்வதால்தான் நீங்கள் மூன்று சொற்களில் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கேக்கில் சுவையைவிடப் பேச இடமளிப்பது அதன் பதம். கத்தி வைத்தவுடன் பொலபொலவென்று உதிர்கிறதா? அது ‘க்ரம்ப்ளி’. விரலால் அழுத்தினால் அமுங்கித் திரும்ப எழும்புகிறதா? ‘ஸ்பஞ்சி’. காற்றோட்டமாக, எடையே இல்லாமல் இருக்கிறதா? ‘லைட்’ அல்லது ‘ஃப்ளஃபி’. வாயில் வைத்தவுடன் ஈரப்பதம் தெரிகிறதா? ‘மாய்ஸ்ட்’, இது கேக்குக்குப் பெரும் பாராட்டு. தொண்டையில் அடைக்கிறதா? ‘ட்ரை’. வெண்ணெயும் க்ரீமும் மிகுந்து இரண்டு வாய்க்குமேல் போகவில்லையா? ‘ரிச்’, இங்கே அதற்குச் செல்வம் என்ற பொருள் இல்லை. தித்திப்பு மிகுந்து குமட்டுகிறதா? ‘ஸிக்லி’. ஒன்றுமே தெரியாமல் சப்பென்று இருக்கிறதா? ‘ப்ளாண்ட்’.

இவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டு உண்மையான ஒரு கேக்கைப் பற்றி, “இட் வாஸ் லவ்லி அண்ட் மாய்ஸ்ட் இன்ஸைட், பட் தி ஐஸிங் வாஸ் ஸோ ரிச் தட் ஐ ஹேட் டு ஸ்க்ரேப் ஸம் ஆஃப் இட் ஆஃப்” என்று சொல்ல முடிந்தால், அகராதியில் தேடிப் பொறுக்கிய பத்துச் சொற்களைவிட அது நன்றாக எடுபடும். மேலே பூசியதைக் கொஞ்சம் வழித்து எடுத்தேன் என்ற ஒரு சிறு செயல், நீங்கள் அந்தக் கேக்கை உண்மையாகவே தின்றவர் என்று காட்டிவிடுகிறது. ‘டெலிஷஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘வெரி’ போடுவதைவிட ‘ரியலி’ அல்லது ‘அப்ஸல்யூட்லி’ போடுவது இயல்பாக ஒலிக்கும்.

கேள்வி: கேக் தலைப்பு வந்தால் “பீஸ் ஆஃப் கேக்” போன்ற மரபுத்தொடர்களைச் சேர்த்துப் பேசினால் மதிப்பெண் கூடுமா?

பதில்: பொருந்தினால் கூடும், திணித்தால் குறையும். ‘எ பீஸ் ஆஃப் கேக்’ என்ற மரபுத்தொடருக்கு மிக எளிது என்பது பொருள். கேக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது அதைச் சொன்னால், உண்மையான துண்டைச் சொல்கிறீர்களா, எளிது என்கிறீர்களா என்று கேட்பவர் ஒரு கணம் தயங்க நேரும். ‘தி ஐஸிங் ஆன் தி கேக்’ என்பது நல்லதன்மேல் இன்னொரு நல்லதும் சேர்ந்ததைச் சொல்வது. ‘ஸெல் லைக் ஹாட் கேக்ஸ்’ என்பது சுடச்சுட விற்றுத் தீர்வது. இவற்றை வேறு தலைப்புகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேக் தலைப்புக்கு ‘ஸ்வீட் டூத்’ ஒன்று போதும், அதுவும் ஒரே முறை.

கேள்வி: எங்கள் நாட்டு மரபு இனிப்பைப் பற்றிக் கேட்டார்கள். அதற்கு ஆங்கிலத்தில் பெயரே இல்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் மொழிப் பெயரை ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு, உடனே விளக்குங்கள். சரியான சொல் கிடைக்காதபோது வேறு சொற்களால் சுற்றி விளக்கும் திறன் சொல்வளத்தின் ஒரு பகுதியாகவே மதிப்பிடப்படுகிறது. ஆகவே பெயர் இல்லாமை உங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. “இட்ஸ் எ கைண்ட் ஆஃப்...” என்று வகையைச் சொல்லி, “மேட் ஃப்ரம்...” என்று மூலப்பொருள்களைச் சொல்லி, உருவத்தையும் பதத்தையும் ஒரு வாக்கியத்தில் காட்டி, எப்போது உண்பது என்று முடித்தால், அதை ஒருபோதும் பார்த்திராதவர் மனத்திலும் உருவம் எழும். பெயரைச் சொல்லிவிட்டு “யூ நோ?” என்று தேர்வாளரைப் பார்ப்பதால் பயனில்லை. அவருக்குத் தெரிந்திருந்தாலும் உங்கள் வாயிலிருந்துதான் அது வர வேண்டும்.

கேள்வி: இரண்டாம் பகுதியில் மறக்க முடியாத ஒரு கேக்கை விவரிக்கச் சொன்னால் இரண்டு நிமிடம் எப்படிப் பேசுவது? எனக்கு 40 நொடிகளில் எல்லாம் தீர்ந்துவிடுகிறது.

பதில்: இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பு அட்டையைக் கொடுத்து, ஆயத்தமாக 1 நிமிடம் தருவார்கள், குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் கிடைக்கும். பிறகு 1 முதல் 2 நிமிடங்கள் பேச வேண்டும். நிறமும் வடிவமும் சுவையும் மட்டும் சொன்னால் 40 நொடிகளில் தீரத்தான் செய்யும், ஏனென்றால் விவரணைக்கு நீளம் குறைவு. நடந்ததைச் சொன்னால் நீளம் தானாக வரும். அதனால் மிக அழகான கேக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; ஏதேனும் நடந்த கேக்கைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால், கெட்டுப்போன கேக்கைப் போலப் பேசுவதற்கு வாய்ப்பானது வேறில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. முதன்முறையாகக் கேக் செய்தவர், பொறுமை இழந்து ஓவன் கதவைப் பாதியிலேயே திறந்துவிட்டார். உள்ளே மாவு இன்னும் இறுகாத நிலையில் சூடு குறைந்ததால் கேக்கின் நடுப்பகுதி குழிந்துவிட்டது. அந்தக் குழியைப் பழத்துண்டுகளால் நிரப்பி மறைத்தார், யாருக்கும் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது மொழி எப்படி விரிகிறது என்று பாருங்கள். “ஐ ஹேட் ஓபன்ட் தி டோர் டூ அர்லி, ஸோ தி மிடில் ஹேட் ஸங்க்” என்று, நடந்ததற்கும் முன் நடந்ததைச் சொல்லும் இறந்தகால வடிவம் வருகிறது. “இஃப் ஐ ஹேட் வெய்ட்டட் அனதர் டென் மினிட்ஸ், இட் வுட் ஹேவ் பீன் ஃபைன்” என்று நடக்காமல் போனதைச் சொல்லும் நிபந்தனை வாக்கியம் வருகிறது. இலக்கண நூலில் தனியே படிக்கும்போது கடினமாகத் தோன்றும் இந்த அமைப்பு, குழிந்துபோன ஒரு கேக்கின் முன்னால் நிற்கும்போது வேறு வழியின்றித் தானே வாயில் வருகிறது.

அந்த ஒரு நிமிடத்தில் வாக்கியங்களை எழுதாதீர்கள். கதவு, குழி, பழம், சிரிப்பு என்று நான்கு சொற்களை ஆங்கிலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சுமார் 25 நொடிகள் நின்றால் போதும். 2 நிமிடம் ஆனதும் தேர்வாளர் இடைமறிப்பார். அதனால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை.

கேள்வி: மூன்றாம் பகுதியில் சர்க்கரையின் தீங்கு பற்றிக் கேட்டார்கள். புள்ளிவிவரம் தெரியாமல் விழித்தேன்.

பதில்: புள்ளிவிவரம் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உணவில் கூடுதலாகச் சேர்க்கப்படும் சர்க்கரை போன்றவற்றிலிருந்து பெறும் ஆற்றல் மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இது தெரிந்திருந்தால் சொல்லலாம். தெரியாதவருக்கு ஒரு மதிப்பெண்ணும் குறையாது. மூன்றாம் பகுதியில் மாற வேண்டியது பேசும் கோணம். முதல் பகுதியில் ‘ஐ’ என்று உங்களைப் பற்றிப் பேசினீர்கள். இங்கே ‘பீப்பிள்’ என்று பொதுவாகப் பேச வேண்டும். “ஆல் சில்ட்ரன் ஈட் டூ மச் ஷுகர்” என்று அடித்துச் சொல்வதைவிட, “சில்ட்ரன் டெண்ட் டு ஈட் மோர் ஷுகர் தான் தே ரியலைஸ், பார்ட்லி பிகாஸ் இட்ஸ் ஹிடன் இன் திங்ஸ் தட் டோன்ட் ஈவன் டேஸ்ட் ஸ்வீட்” என்று அளந்து சொன்னால், கருத்தும் முதிர்ந்து தெரியும், வாக்கியமும் நீளும்.

கேள்வி: கேள்வி காதில் சரியாக விழாவிட்டால் மறுபடி கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். “ஸாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?” என்றால் போதும். புரியாமல் வேறு எதற்கோ பதில் சொல்வதுதான் தவறு.

கேள்வி: இன்னும் நான்கு நாள்களில் எனக்குத் தேர்வு. இந்தத் தலைப்புக்காக மட்டும் என்ன செய்யலாம்?

பதில்: நாளைக்குக் கைப்பேசியில் பதிவை இயக்கிவிட்டு, கடைசியாகத் தின்ற இனிப்பைப் பற்றி ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசுங்கள். முதல்முறை கேட்கும்போது, சொற்களின் இறுதியில் எத்தனை உகரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை மட்டும் எண்ணுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது, ‘டேஸ்ட்டி’ எத்தனை தடவை வந்தது என்று எண்ணி, அந்த இடங்களில் அந்த இனிப்பின் பதத்தைச் சொல்லும் ஒரு சொல்லை வைத்து மறுபடியும் பேசிப் பதிவு செய்யுங்கள். மறுநாள் வேறொரு இனிப்பு. தேர்வுக்கு முந்தைய நாள் எதையும் பதிவு செய்யாமல், ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் நீங்கள் கெடுத்த ஒரு சமையலைப் பற்றிச் சொல்லி, அவரை இடையிடையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.